உழவர் பயிற்சிக்கான காசு: எங்கிருந்து வருகிறது, எதில் போய்ச் சேர்கிறது?

மதுரைப் பதிப்பு நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டினால் இப்படி ஒரு துண்டுச் செய்தி அடிக்கடி கண்ணில் படும். காளான் வளர்ப்புப் பயிற்சி, ஆடு வளர்ப்புப் பயிற்சி, மக்காச்சோளப் படைப்புழுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, முன்பதிவு அவசியம். ஒன்றை அட்மா என்ற அரசு முகமை நடத்துகிறது, ஒன்றைக் கேவிகே என்ற வேளாண் அறிவியல் நிலையம் நடத்துகிறது, இன்னொன்றை வங்கி நடத்துகிறது. ஓரிடத்தில் தங்க இடமும் சாப்பாடும் இலவசம். இன்னோரிடத்தில் கட்டணம் கேட்கிறார்கள். ஒன்றில் சான்றிதழ் உண்டு, ஒன்றில் வெறும் துண்டுப் பிரசுரம்தான். "பயிற்சிக்குப் போனா மானியம் கெடைக்குமா?" என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள்கூட ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

இந்தக் குழப்பம் உழவரின் அறியாமையால் வந்ததில்லை. பயிற்சிக்கான பணம் பல கைகள் வழியாக வருகிறது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதியோடு வருகிறது. பணம் எதற்குத் தரப்படுகிறதோ அதுதான் பயிற்சியின் உருவத்தையும் முடிவு செய்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்தப் பயிற்சிக்குப் போகலாம், எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்பது விளங்கிவிடும்.

முதலில் மூன்று சொற்கள்

1. விரிவாக்கம்: ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததை வயலுக்கும், வயலில் முளைக்கும் சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொண்டு சேர்க்கும் வேலை முழுவதற்கும் இதுதான் பெயர். ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கும் வேளாண்மை விரிவாக்க மையம் இந்த வேலைக்காக வந்ததுதான். நடைமுறையில், விதையும் உயிர் உரமும் மானியத்தில் வாங்கும் இடமாகவே அது பலருக்கும் பழகிவிட்டது.

2. உழவர் பயிற்சி: ஒரு நாளோ இரண்டு நாளோ ஊரிலோ வட்டாரத்திலோ நடக்கும் வகுப்பு. பெரும்பாலும் தகவல் சொல்வதே இதன் வேலை. புதிய ரகம், மருந்து அளவு, திட்ட விவரம் என்று போகும்.

3. திறன் பயிற்சி: கை பழகும்வரை செய்து பார்க்க வைப்பது. நாள் கூடும், செலவும் கூடும்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மதுரை மல்லியை வைத்துச் சொல்லிவிடலாம். கார்த்திகை தொடக்கத்தில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும் என்பது தகவல். அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். எந்தத் தண்டு பட்டுப்போனது, எது அடுத்த பருவத்துக்குத் துளிர் கொடுக்கும், கத்தரியை எந்தச் சாய்வில் வைத்தால் வெட்டிய இடம் பிளக்காது என்பதெல்லாம் திறன். அது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, பத்து இருபது செடியை வெட்டிப் பார்த்தால்தான் வரும். முதலாவதற்கு மண்டபம் போதும். இரண்டாவதற்குத் தோட்டமும் நேரமும் வேண்டும். பணம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு மனதில் இருக்கட்டும்.

காசு வரும் வாய்க்கால்கள்

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கான பணத்தில் பெரும்பங்கு மத்திய அரசின் திட்டங்கள் வழியாக வருகிறது. மதுரை மாவட்டத்தில் இருக்கும் ஓர் உழவரை எட்டக்கூடிய வழிகள் இவை.

1. அட்மா. வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1998-ல் உலக வங்கி உதவியுடன் 7 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2005-க்குப் பிறகு நாடு முழுவதும் விரிந்தது. இப்போது மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பணம் போடுகின்றன. மாவட்ட அளவில் ஒரு முகமை. வட்டார அளவில் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரும் உதவி மேலாளர்களும். ஊரில் 'பிடிஎம்', 'ஏடிஎம்' என்று அழைக்கப்படுபவர்கள் இவர்கள்தான். பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். பயிற்சி, செயல்விளக்கத் திடல், கண்டுணர்வு சுற்றுலா, பண்ணைப் பள்ளி, உழவர் ஆர்வலர் குழு எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஒதுக்கீட்டில் குறைந்தது 30 விழுக்காடு பெண் உழவர்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. மதுரை மாவட்டத்தின் 13 வட்டாரங்களுக்கும் தனித்தனியே திட்டம் போடப்பட்டு, அவை மாவட்டத் திட்டமாகச் சேர்கின்றன.

2. கேவிகே. வேளாண் அறிவியல் நிலையம் என்பது தமிழ்ப் பெயர். நாட்டின் முதல் கேவிகே 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மதுரையில் யானைமலை அடிவாரத்தில் 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே கேவிகே இயங்குகிறது. பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திடமிருந்து வருகிறது. அட்மாவுக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. கேவிகேயில் பாட வல்லுநர்கள் இருக்கிறார்கள், செய்து பார்க்கத் திடல் இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒன்றுதான். கொட்டாம்பட்டியிலிருந்தும் சேடபட்டியிலிருந்தும் கேவிகே இருக்கும் ஒத்தக்கடைக்குப் பஸ் பிடித்து வந்தாக வேண்டும்.

3. திறன் மேம்பாட்டு வழி. இந்திய வேளாண் திறன் குழுமம் 2013-ல் உருவானது. சொட்டுநீர்ப் பாசனத் தொழில்நுட்பர், பசுமைக்குடில் இயக்குநர், தேனீ வளர்ப்பாளர், காளான் வளர்ப்பாளர் என்று வேலை வாரியாகப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. சுமார் 200 மணி நேரப் பயிற்சிகள் இவை. ஊரக இளைஞர்களுக்கான ஒரு வாரக் குறும்பயிற்சித் திட்டம் 2015-16-ல் வந்தது. அது 'ஸ்ட்ரை' என்ற பெயரில் அறிவிப்புகளில் வரும்.

4. வங்கி வழி. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை, அதாவது 'ஆர்செட்டி'யை, வங்கிகள் நடத்துகின்றன. பயிற்சிச் செலவை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஈடு செய்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பயிற்சி முடிந்தபின் 2 ஆண்டுகள் வரை பயனாளியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது இதன் விதியிலேயே இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றவர்களுக்கும் தனியே ஒரு திட்டம் உண்டு. 2002-ல் தொடங்கிய வேளாண் ஆலோசனை மற்றும் வேளாண் தொழில் மையத் திட்டம் அது. 45 நாள் தங்கிப் படிக்கும் இலவசப் பயிற்சி, அதன்பின் தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான தொழில் கடன், அதில் பொதுப் பிரிவினருக்கு 36 விழுக்காடும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 விழுக்காடும் மானியம்.

5. மாநில வழி. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ள 'ஸ்டாமின்' வேளாண் அலுவலர்களுக்கே பயிற்சி தரும் நிலையம். மதுரைக்குள் மேலூர் பக்கம் விநாயகபுரத்தில் நீர் மேலாண்மைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆடு, மாடு, நாட்டுக்கோழி என்றால் திருப்பாலையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம். 2021 முதல் தமிழ்நாடு வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது. ஆகவே மாநிலத்தின் பங்கு எங்கே போகிறது என்று தேடுவது முன்பைவிட எளிது.

இந்த ஐந்திலும் சேராத ஒன்று உண்டு. அதில் பயிற்சி பெறுபவரே பாதிக் காசு போடுகிறார். உரக்கடை, பூச்சிமருந்துக் கடை நடத்துபவர்களுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பு அது. 'டேசி' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கடை விடுமுறை நாளாகப் பார்த்து 48 நாள்: 40 வகுப்பு, 8 வயல் பார்வை. கட்டணத்தில் பாதியை மத்திய அரசு தர, மீதிப் பாதி கடைக்காரர் பங்கு.

இதற்கு ஏன் அரசு காசு போட வேண்டும் என்று தோன்றலாம். 2003-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 59-வது சுற்று அதற்குப் பதில் வைத்திருக்கிறது. புதிய தொழில்நுட்பத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று நாடு முழுவதும் உழவர் குடும்பங்களிடம் கேட்டார்கள். சக முன்னோடி உழவரிடமிருந்து என்றவர்கள் 16.7 விழுக்காடு. இடுபொருள் கடைக்காரரிடமிருந்து என்றவர்கள் 13.1. வானொலி 13.0. அரசின் விரிவாக்கப் பணியாளர் 5.7. பயிற்சியில் கலந்துகொண்டு பெற்றேன் என்றவர்கள் 0.9 விழுக்காடு மட்டுமே. எந்த வழியிலும் தகவல் கிடைக்காத குடும்பங்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. 10 ஆண்டு கழித்து நடந்த 70-வது சுற்றிலும் இந்தக் கடைசி எண் பெரிதாக மாறவில்லை. ஆக, இலையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போய் "இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்பதுதான் இந்த நாட்டின் மிகப் பெரிய விரிவாக்கச் சேவைகளில் ஒன்று. அந்தக் கடைக்காரருக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருப்பது அத்தனை ஊர்களையும் பாதிக்கும் செய்தி.

ஒரு ஆள், ஒரு நாள்: இந்தக் கணக்கில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது

அட்மாவின் 2014 நெறிமுறையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அலகுச் செலவு குறிக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்துக்குள் நடக்கும் பயிற்சிக்கு, தங்கிப் படிப்பதாக இருந்தால் ஓர் உழவருக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய். வந்து போவதாக இருந்தால் 250 ரூபாய். இது உழவர் கையில் கொடுக்கப்படும் காசு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பயிற்சி நடத்த ஆகும் செலவின் உச்ச வரம்பு இது.

40 பேருக்கு ஒருநாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். 250 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் வருகிறது. இதற்குள் காலையில் டீயும் வடையும், மதியம் சாப்பாடு, ஒரு நோட்டும் பேனாவும், அச்சிட்ட கையேடு, துணிப் பதாகை, ஒலிபெருக்கி, வெளியிலிருந்து வரும் வல்லுநருக்கு மதிப்பூதியம் எல்லாம் முடிய வேண்டும். சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, பத்தரைக்குத் தொடங்கி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, பதாகை தெரியும்படி புகைப்படம் எடுத்து, மூன்று மணிக்கு முடிவது அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்கும் பயிற்சி. நாற்பது பேரையும் வேனில் ஏற்றி ஒரு மல்லித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு கவாத்துக் கத்தரி கொடுத்து, மாலைவரை வெட்டிப் பார்க்க வைப்பது அடங்காது. நடத்துகிற அலுவலருக்கு மனமிருந்தும் மண்டபத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கணக்கின் மறுபக்கம் உழவருடையது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின், அதாவது ஒருவர் கையில் வைத்துப் பயிர் செய்யும் நிலத்தின், சராசரி 0.75 எக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலம் வைத்திருப்பவர் பாதி நாள் கூலிக்கும் போகிறவராகத்தான் இருப்பார். நூறு நாள் வேலைக்கே 2025-26-ல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஆணுக்கு வெளிவேலையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலி போகும், மாட்டுக்குத் தீவனம் வைக்க இன்னொருவரை ஏற்பாடு செய்ய வேண்டும், பஸ் செலவும் உண்டு. இந்த இழப்பை அட்மாவின் அலகுச் செலவு கணக்கில் எடுப்பதில்லை. கூலி போவதைப் பொறுக்க முடிந்தவர்களே வருகிறார்கள். வேலை விட்ட பெரியவர்கள், கொஞ்சம் வசதி உள்ளவர்கள், எல்லாக் கூட்டத்துக்கும் வரும் அதே ஏழெட்டு முன்னோடி உழவர்கள். பதிவேட்டில் 40 கையெழுத்து இருக்கும். மருந்து தெளிக்கிற, களை எடுக்கிற, தண்ணீர் பாய்ச்சுகிற கைகள் அந்த நாற்பதில் எத்தனை என்பதைப் பதிவேடு சொல்லாது.

நிதியாண்டும் பயிர்ப் பட்டமும்

அரசின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. திட்ட ஒப்புதல், மத்திய ஒதுக்கீடு, மாநிலப் பங்கு, முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு படியாகத் தாண்டி வட்டாரத்துக்குப் பணம் வந்து சேர்வதற்குள் ஆண்டில் பாதி போய்விடும். மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும். பயிற்சிகள் தை, மாசியில் குவிவதற்கு இதுதான் காரணம்.

இதனால் என்ன கெடும்? மக்காச்சோளப் படைப்புழுவைப் பார்ப்போம். 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தப் புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள் வந்தது. பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு மானாவாரி மக்காச்சோளத்துக்கு அது புது எதிரி. அதைச் சமாளிக்க உழவர் கற்க வேண்டியவை நான்கு. நான்குக்கும் நான்கு வெவ்வேறு காலம்.

1. சித்திரை, வைகாசி: கோடை உழவு. புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆழ உழுது வெயிலில் புரட்டிப் போட்டால் கூட்டுப்புழு காயும், கொக்கும் மைனாவும் பொறுக்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு.

2. விதைப்பு: விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ ஊடாக விடுதல், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி.

3. விதைத்த 15 முதல் 20-ம் நாள்: குருத்தைப் பிரித்துப் பார்த்தல். சிறு புழு இலையைச் சுரண்டிய வெள்ளைத் திட்டு, விரிந்த இலையில் வரிசையாக ஓட்டை, குருத்துக்குள் மரத்தூள் போல ஈரமான எச்சம். தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற கோடு, பின்பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளி இருந்தால் அது படைப்புழுதான். இந்தக் கட்டத்தில் வேம்பு சார்ந்த மருந்தே வேலை செய்யும்.

4. 40-ம் நாளுக்கு மேல்: புழு பெரிதாகிக் குருத்துக்குள் எச்சத்தை வைத்தே அடைத்துக்கொள்ளும். மேலோட்டமாகத் தெளிக்கும் மருந்து உள்ளே இறங்காது. தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராக வைத்து அடிக்கும் பக்குவம் வேண்டும்.

புரட்டாசியில் விதைக்கிற ஊரில் இந்தப் பயிற்சியை மாசியில் நடத்தினால், காட்டில் கதிர் அறுத்த தட்டை மட்டும்தான் நிற்கும். பிரித்துப் பார்க்கக் குருத்து இருக்காது. திரையில் படம் காட்டலாம். ஆனால் கோடை உழவுக்கு இரண்டு மாதம் முன்னதாக, குருத்துப் பார்வைக்கு ஏழெட்டு மாதம் முன்னதாகச் சொன்ன சொல், வேண்டிய அன்று நினைவில் நிற்பது கடினம். அன்றைக்கு உழவர் மீண்டும் கடைக்குத்தான் போவார்.

பெரியாறு-வைகைப் பாசனத்திலும் இதே கதைதான். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பரப்புக்கு ஜூனிலும், மேலூர், திருமங்கலம் உள்ளிட்ட 1,05,002 ஏக்கர் ஒருபோகப் பரப்புக்குச் செப்டம்பர் வாக்கிலும் தண்ணீர் திறப்பது வழக்கம், அணையில் இருப்பு இருந்தால். நாற்றங்கால் பயிற்சி இந்தத் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் நடந்தால் பயன் உண்டு. திறப்புத் தேதியே ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது, சென்னையிலும் டெல்லியிலும் இருந்து தவணையாக வரும் பணம் அதற்கு ஈடுகொடுத்து ஓடுவதில்லை.

கருவிக்கு இருக்கும் காசு கைக்கு இல்லை

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. நாட்டிலேயே தாராளமான ஏற்பாடுகளில் இது ஒன்று. குழாய் பதித்து, தண்ணீர் திறந்து காட்டி, படம் எடுத்தால் வேலை முடிந்தது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும் உப்பாக இருக்கும் தோட்டங்கள் பல. அங்கே நடப்பது இது. சொட்டுவான் வாயில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாகப் படியும். வரிசையின் தொடக்கத்தில் நன்றாகச் சொட்டும், கடைசிச் செடிக்கு ஈரமே போகாது. இதைச் சரிசெய்ய அமிலச் சுத்திகரிப்பு தெரிய வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கார அமில நிலை 4 அளவுக்கு இறங்கும்வரை கலந்து, குழாய் நிறைய விட்டு, 24 மணி நேரம் நிறுத்தி, பிறகு குழாய் முனைகளைத் திறந்து அழுக்கோடு வெளியேற்ற வேண்டும். வடிகட்டியை வாரம் தவறாமல் கழுவ வேண்டும். இரண்டு மணி நேரம் கூட நின்று செய்து காட்டினால் வந்துவிடும் பழக்கம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் தனியாகக் காசில்லை. மூன்றாம் ஆண்டில் குழாயைச் சுருட்டி வேலியோரம் போட்டுவிட்டு, வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சும் தோட்டங்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த விடுபட்ட இரண்டு மணி நேரம்.

கருவியையும் பயிற்சியையும் பிரிக்காமல் காசு போட முடியும் என்பதற்கு ட்ரோன் திட்டம் சான்று. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் நமோ ட்ரோன் தீதி திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. விலையில் 80 விழுக்காடு, உச்சமாக 8 லட்சம் ரூபாய் மானியம். அதோடு குழுவிலிருந்து ஒருவருக்கு 15 நாள் பயிற்சியும் அதே தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 5 நாள் இயக்கப் பயிற்சி, 10 நாள் உரமும் மருந்தும் தெளிக்கும் பயிற்சி. பறக்கும் பொருள் என்பதால் உரிமம் இல்லாமல் இயக்கவிட முடியாது, அதனால் பயிற்சி கட்டாயமாயிற்று. சொட்டுநீருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிச் செலவுதான்.

நிலத்தை நடத்துபவர் வேறு, பட்டாவில் இருப்பவர் வேறு

பயனாளி என்று விண்ணப்பத்தில் எழுதும்போது சிட்டா, அடங்கல், இப்போது நிலத்தோடு இணைத்த உழவர் தனி அடையாள எண் எல்லாம் கேட்கப்படுகின்றன. பயிற்சிக்கு மட்டும் வருவதற்கு இவை எப்போதும் கட்டாயமில்லை. ஆனால் மானியத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலை வைத்தே பயிற்சிக்கும் ஆள் சேர்ப்பது நடைமுறையில் எளிது. அந்தப் பட்டியலில் விடுபடுகிறவர்கள்:

1. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள். வாய்மொழி ஒப்பந்தம் என்பதால் கையில் காகிதம் இருக்காது.

2. பெண்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, விடியுமுன் மொட்டுப் பறிப்பது எல்லாம் அவர்கள் கையில். பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். 30 விழுக்காடு விதி இருப்பதால் பெண்கள் பயிற்சிக்கு அழைக்கப்படுகிறார்கள். ஆனால் பத்தரை மணிக்குத் தொடங்கும் வகுப்பு, விடியற்காலை பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுச் சமையலில் நிற்கும் நேரத்தில் வருகிறது.

3. நீர்க்கட்டியார்கள். கண்மாய் மடையைத் திறந்து மூடி, கடைமடை வயல்வரை முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர்கள். நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசனப் பரப்புக்கு) மேற்பட்ட கண்மாய் நீர்வளத்துறை வசம், அதற்குக் கீழ்ப்பட்டது ஊராட்சி ஒன்றியத்தின் வசம், பயிர் வேளாண்மைத்துறை வசம். மடையைக் கையில் வைத்திருக்கும் ஆள் எந்தத் துறையின் பயனாளியும் இல்லை. பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்வதற்கான 2000-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. பயிற்சியும் சங்கத் தலைவர்களை நோக்கியே போகிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் உழவர்களைச் சங்கமாகத் திரட்டி வருவது போன்ற முயற்சிகள்தான் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

4. கீதாரிகள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு மண்ணுக்கு உரம் சேர்ப்பவர்கள். ஊர் ஊராக நகர்கிறவர்களுக்கு எந்த வட்டாரம் சொந்த வட்டாரம்? வட்டார வாரியாக ஒதுக்கும் பணம் அவர்களை எட்டுவதே இல்லை.

வேறு மாதிரியான கணக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது

1980-களில் இந்தோனேசிய நெல்வயல்களைப் புகையான் பூச்சி அழித்தபோது, அளவுக்கு மீறி மருந்தடித்ததே அதன் பெருக்கத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. சுமார் 25 பேர், ஒரே வயல், நாற்று முதல் அறுவடைவரை வாரம் ஒரு காலைப்பொழுது. வயலில் இறங்கித் தூரைப் பிரித்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை என்று எண்ணி, தாளில் வரைந்து, அடிக்கலாமா வேண்டாமா என்று உழவர்களே பேசி முடிவெடுப்பார்கள். அலுவலர் பேச்சைக் கேட்பது குறைவு, பூச்சியைப் பார்ப்பது அதிகம்.

அட்மாவின் பண்ணைப் பள்ளி இதன் வழிவந்ததே. அலகுச் செலவு 29,414 ரூபாய், 25 உழவர். ஆளுக்கு ஏறத்தாழ 1,177 ரூபாய். வந்து போகும் ஒருநாள் பயிற்சியின் 250 ரூபாயோடு ஒப்பிட்டால், ஐந்து நாள் மண்டபப் பயிற்சிக்கும் குறைவான காசில் ஒரு பருவம் முழுவதும் வயலில் நிற்கலாம். முன்பு சொன்ன மக்காச்சோளத்தின் நான்கு கட்டங்களும் இதற்குள் அடங்கும். உள்ளூரிலேயே நடப்பதால் பஸ் செலவில்லை. ஒரு காலைப்பொழுதுதான் என்பதால் முழுநாள் கூலி போகாது.

பின் ஏன் மண்டபப் பயிற்சிகளே மிகுதி? காரணம் கணக்கெடுப்பில் இருக்கிறது. எத்தனை உழவர்-நாள் பயிற்சி நடந்தது என்ற இலக்கு எண்ணை ஒருநாள் கூட்டங்கள் விரைவாக நிரப்பிவிடும். பண்ணைப் பள்ளிக்கு ஒரே அலுவலர் பருவம் முழுவதும் ஒரே வயலுக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அவருக்கு இன்னும் பல ஊர்களும், பல திட்டங்களின் பதிவேற்ற வேலையும், ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலையும் இருக்கின்றன. பண்ணைப் பள்ளியின் செலவைக் கூட்டுவதைவிட, அதை நடத்தும் அலுவலருக்கு நிரந்தரமும் வண்டிக்குப் பெட்ரோலும் உறுதி செய்வதற்குப் பணம் போடுவதே முதல் தேவை என்பது இந்தக் கட்டுரையின் முடிபு. வகுப்பு முடிந்தபின் ஓர் ஆள் வயலுக்கு வந்து பார்ப்பதற்கும் காசு ஒதுக்கலாம் என்பதை ஆர்செட்டியின் 2 ஆண்டுத் தொடர் கவனிப்பு விதி காட்டிவிட்டது.

பெயர் கொடுக்கும் முன், திட்டம் போடும் முன்

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போது நான்கு கேள்வி கேட்கலாம். எந்தத் திட்டத்தின் பணம்? மண்டபமா, வயலா? சான்றிதழ் உண்டென்றால் அது கடனுக்கோ உரிமத்துக்கோ வேலைக்கோ எதற்குச் செல்லும்? முடிந்தபின் யார் வந்து பார்ப்பார்கள்? மானியம் கிடைக்குமா என்பதற்கான பதில்: பெரும்பாலான ஒருநாள் பயிற்சிகளுக்கும் மானியத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வேளாண் தொழில் மையத் திட்டம், ட்ரோன் திட்டம் போன்ற சிலவற்றில் மட்டுமே பயிற்சியும் மானியமும் ஒரே தொகுப்பாக வருகின்றன.

இன்னொரு வாசலும் இருக்கிறது, பலர் தட்டாத வாசல். அட்மாவில் வட்டார உழவர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. வட்டாரத்துக்கு அடுத்த ஆண்டு என்ன பயிற்சி, எந்த ஊரில், எந்த மாதம் என்ற செயல்திட்டம் அதன் வழியாகத்தான் மாவட்டத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து மாநிலத்தின் விரிவாக்கப் பணித் திட்டத்தில் சேரும். ஏப்ரலுக்கு முன்பே இந்த எழுத்துவேலை முடிந்துவிடும். ஆகவே, சித்திரையில் கோடை உழவுக்கும் ஐப்பசியில் குருத்துப் பார்வைக்கும் பண்ணைப் பள்ளி வேண்டுமென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மார்கழி, தை மாதத்திலேயே மனு கொடுக்க வேண்டும். ஊர் பெயர், பயிர், விதைக்கும் மாதம், வரத் தயாராக இருக்கும் 25 பேரின் பெயர், அதில் குத்தகைக்காரர்களும் பெண்களும் யார் யார் என்று எழுதி, நகலை வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரிடமும் கொடுத்து, மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.